வெள்ளிக்கிழமைச் சுவைகள்

என் மனைவிக்கு மாசி மாதக் காய்ச்சலோடு மணம் தெரியாமற் போயிற்று. காய்ச்சல் ஐந்து நாளில் தணிந்தது; மணம் திரும்பவில்லை. மருத்துவர் மூக்கினுள் சிறு விளக்கொன்றைச் செலுத்திப் பார்த்துவிட்டு, அடைப்பு ஏதும் இல்லை, நரம்பு களைத்திருக்கிறது, வரும்போது வரும், அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்படாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை அது. நாங்கள் இருவருமே அவ்வகையினர் அல்லோம்.

டாலிகஞ்சில் எங்கள் வீட்டு அடுக்களையில் அவள் சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் பருப்புப் பொடியும் வறுத்து அரைக்கிறாள். பவானிபூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்பவர், பதினெட்டு ஆண்டுகளாக அவற்றை வாங்கி விற்கிறார். கணினி வேலைக்காகக் கொல்கத்தாவுக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பொடிக்காகவே மெட்ரோ ஏறி அவர் கடைக்குப் போவதுண்டு. எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும் என்று எவரேனும் கேட்டால் அவள் விடை என்றும் ஒன்றுதான்: "வாசனை வர்ற வரைக்கும்." அளவும் நேரமும் எழுதிய தாள் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. அத்தொழில் முழுவதும் அவள் மூக்கில் இருந்தது.

மூக்கு கைவிட்ட பிறகு அவள் என்னை அடுப்பருகில் நிறுத்தினாள். நான் சென்னைப் பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே அச்சுப்படி திருத்துகிறவன். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வர முடிகிறவன். அவள் கரண்டியால் கிளறுவாள். நான் வாணலியின்மேல் குனிந்து முகர வேண்டும்.

"வந்துச்சா?"

"வருது."

"என்ன வருது? பச்சையா வருதா, சிவந்து வருதா?"

"மணமா வருது."

"மணம்னா? முப்பது வருஷமா ஊரார் தமிழையெல்லாம் திருத்துறீங்க. தனியா வறுபட்டதைச் சொல்ல ஒரு வார்த்தை இல்லையா உங்ககிட்ட?"

இல்லை. கமழ்தல் உண்டு, நறுமணம் உண்டு, நெடி, வீச்சம், முடை, வாடை எல்லாம் உண்டு. கமழத் தொடங்கிய தனியா எந்த நொடியில் கமழ்ந்து முடிகிறது என்பதற்கு என் கைவசம் சொல் கிடையாது. நிறத்தைப் பார்த்து இறக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். நிறம் ஏமாற்றும் என்றாள். பழைய தனியா வறுக்குமுன்னரே கறுத்திருக்கும். புதியது பச்சை மாறாமலே வறுபட்டுவிடும். ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு விதம். இதைச் சொல்லும்போது அவள் கரண்டி நிற்கவில்லை. என்னால் ஒரு காலில் நிற்கவும் முடியவில்லை, இரு காலில் நிற்கவும் முடியவில்லை.

வைகாசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இந்த ரசம் எனக்கு ரசம் மாதிரிதான் இருக்கு. ஆனா ரசத்தைத்தான் சாப்பிடுறேனா, ஞாபகத்தைச் சாப்பிடுறேனான்னு தெரியல. பழகினது எதை வச்சும் பரீட்சை பண்ண முடியாது. முன்னப்பின்ன வாயில வைக்காதது ஏதாவது வேணும்."

முன்னப்பின்ன வாயில் வைக்காததை நான் எங்கே தேடுவேன்? இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள், ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச் சந்தில், மருந்துக் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே, ஜெலாட்டோ விற்கும் சிறு கடை ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சுண்ணாம்புக்கட்டியால் வங்காளத்தில் எழுதிய ஆறு பெயர்கள். மாணவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிதோறும் அந்த ஆறில் நான்கு அழிந்து வேறு நான்கு வரும் என்று சொன்னார்கள். வெல்லமும் புகையூட்டிய தேயிலையும், கொய்யாவும் கறுப்பு உப்பும், சாமந்தியும் பாலும். ஒரு வாரம் பாகற்காய் போட்டாளாம் கடைக்காரி. அவளே பின்னர் எங்களிடம் சொன்னாள்: "எங்க அம்மாவே துப்பிட்டாங்க. அம்மா துப்பினா அப்புறம் யாருக்கு விக்கிறது?"

முப்பது வயதுப் பெண். குட்டையான முடி, முழங்கை வரை மடித்த சட்டை. பின்னறையில் காய்ச்சுவதும் அவளே, முன்னால் நின்று தட்டையான கரண்டியால் வழித்துக் கொடுப்பதும் அவளே. ஐஸ்கிரீமைவிட இதில் காற்று குறைவு, குளிரும் குறைவு, அதனால் நாக்கு மரத்துப்போகாது, உள்ளே இருப்பது முழுதாக ஏறும் என்று விளக்கினாள். அவள் வங்காளத்தில் பேசுவாள். மனைவி அவளிடம் தடையின்றிப் பேசுவாள். நான் இலக்கண நூல் வைத்து வங்காளம் படித்தவன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், வாய் திறந்தால் எதிரில் நிற்பவர் இந்திக்கு மாறிவிடுவார்.

ஜெலாட்டோவைத் தமிழில் என்னவென்று எழுதுவது என்று முதல் நாளே எனக்கு ஒரு குடைச்சல் இருந்தது. பனிக்கூழ் என்றேன்.

"கூழா?" என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு காதுல போட்டுடாதீங்க. மாரியம்மன் கோயில்ல ஊத்துறதுன்னு நெனச்சுக்கும்."

விதிகளை அவள் வகுத்தாள். பலகைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்த இருக்கையில் அவள் அமர்வாள். புதிதாய் வந்த நான்கில் ஒன்றை, பெயர் சொல்லாமல், சிறு மரக்கரண்டியில் நான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் கண்ணை மூடி வாயில் வைத்து, தெரிவதைச் சொல்வாள். பெயரைக் கண்டுபிடித்தால் மணம் திரும்பிவிட்டது என்று பொருள். கடைக்காரிக்கு விவரம் தெரிந்ததும் அவளும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அவள் என் மனைவியைக் காகிமா என்றும் என்னைக் காகு என்றும் அழைத்தாள். சித்தி, சித்தப்பா என்பது போல.

முதல் வெள்ளி, கந்தராஜ் எலுமிச்சையும் பச்சை மிளகாயும். அந்த எலுமிச்சையின் தோலைக் கீறினால் அறை முழுவதும் மணக்கும்.

"புளிப்பு," என்றாள். "லேசாக் காரம். ஜில்லுன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

அடுத்த வெள்ளி கொய்யா. அவள் உடனே கொய்யா என்றாள். நான் கல்லாப்பக்கம் திரும்பிவிட்டேன். "விதைத் துணுக்கு பல்லுல பட்டுச்சு" என்று அவளே சொல்லி முடித்துவைத்தாள். அதற்கடுத்த வெள்ளி மழை. சந்தில் கணுக்கால் அளவு நீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இனிப்பு, பால், ஒன்றுமில்லை என்ற மூன்று சொற்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பலகையில் இருந்தது குங்குமப்பூ.

அந்தச் சில நொடிகளை, கரண்டி அவள் வாய்க்குள் போவதற்கும் அவள் கண் திறப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை, நான் உட்கார்ந்தபடி கடந்ததே இல்லை. கதவு வரை போவேன், திரும்புவேன். நீர்க் குவளையை இடம் மாற்றி வைப்பேன். கடைக்காரி கல்லாவிலிருந்து சொல்வாள்: "உக்காருங்க காகு. தரையைப் போன மாசம்தான் போட்டேன், தேஞ்சிடும்."

ஆனி முடியும் தறுவாயில் ஒரு வெள்ளி. கரண்டியை வாயில் வைத்த மாத்திரத்தில் மனைவியின் தலை பின்னால் போயிற்று. கண்ணில் நீர் திரண்டது.

"கசுந்தி," என்றாள். வங்காளிகள் கடுகைப் புளிக்கவைத்து அரைக்கும் விழுது அது. பலகையிலும் அதுவே இருந்தது: பச்சை மாங்காயும் கசுந்தியும். கடைக்காரி கல்லாவைத் தட்டினாள். நான் கடையில் இருந்த முன்பின் அறியாத ஒரு மாணவனின் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவன் கையிலிருந்த கோப்பை கவிழ்ந்தது. அவனுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தோம்.

டாலிகஞ்சுக்குத் திரும்பும் பகிர்வு ஆட்டோவில் நால்வர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அது வாசனை இல்லீங்க."

"பின்ன எப்படிச் சொன்னே?"

"எரிச்சல். கடுகு மூக்குல ஏறுச்சு, அவ்வளவுதான். கண்ணுல மிளகாப்பொடி விழுந்தா மிளகா வாசனை அடிக்குதுன்னா சொல்லுவோம்?"

கடையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அந்தப் பையனைப் போட்டு அந்தக் குலுக்கு குலுக்கினீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள்.

பிறகு வந்தது நான் செய்த பிழை. அதை இங்கே குறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஆவணியில் ஒரு முற்பகல். மேசைமேல் இருநூறு பக்க அச்சுப்படி கிடந்தது, மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அடுக்களையிலிருந்து அழைப்பு. இரண்டு கிலோ தனியா வாணலியில். குனிந்தேன், ஏதோ மணந்தது. நிமிர்ந்தேன், என் மனம் நான் பாதியில் விட்டுவந்த ஒரு சந்திப்பிழையில் நின்றது. மீண்டும் அழைப்பு, மீண்டும் குனிதல்.

"வந்துச்சா?"

"வந்துடுச்சு."

வரவில்லை. வரவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றும் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை. அவள் மறு கேள்வி கேட்காமல் அடுப்பை அணைத்தாள்.

ஒன்பதாம் நாள் அண்ணாச்சி தொலைபேசியில் வந்தார். அவள் மாவுக் கையோடு இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீய அம்மா. ரெண்டு பேரு பொடியைத் திருப்பிக் கொண்டாந்துட்டாவ. பச்சை வாடை அடிக்குன்னு சொல்லுதாவ. நானும் மோந்து பாத்தேன். அடிக்கத்தான் செய்யிது."

"என் தப்புதான் அண்ணாச்சி."

"ஒடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, ஒண்ணும் இல்ல. மதராஸ்ல இருந்து ஒரு பாக்கெட் கம்பெனிக்காரன் ஒங்க பொடி இருக்குத அந்த அலமாரித் தட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கான். துர்கா பூஜை கழிஞ்சு ஒரு முடிவு சொல்லீருங்க, என்னா?"

"சொல்றேன் அண்ணாச்சி."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில்கள் என்னிடம் நான்கைந்து இருந்தன. மாவுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, "பூஜைக்குள்ள வரலன்னா நிறுத்திடலாம்" என்றாள்.

"இன்னும் நாள் இருக்கே. நான் சரியாப் பாத்துச் சொல்றேன்."

"வேண்டாம். உங்களை அடுப்புகிட்ட நிக்க வச்சு இன்னொரு பொய்யைக் கேட்டு வாங்கிக்க மாட்டேன்."

அன்றுமுதல் வாணலி ஏறவில்லை. அவள் பகலில் அலமாரிகளைத் துடைத்தாள். துடைத்த அலமாரிகளை மறுநாளும் துடைத்தாள். நான் ஒரு பத்தியை ஐந்து முறை வாசித்தும் அதில் எழுவாய் எது என்று காணாமல் எழுந்து போனேன். வெள்ளி வந்தால் ஜாதவ்பூர். அதை மட்டும் விடவில்லை. ஆனால் விதி கடுமையாயிற்று. நான் பலகையைப் பார்த்துவிட்டு வந்து கரண்டியை நீட்டும்போது என் முகமே பெயரைச் சொல்லிவிடுகிறது என்றாள். ஆகவே நானும் பார்க்கக் கூடாது. கடைக்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கள் தலை சந்தின் முனையில் தெரிந்ததும் அவள் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கத் தொடங்கினாள். வந்த மாணவர்கள் என்ன இருக்கிறது என்று கேட்டால் உதட்டில் விரல் வைப்பாள். நான்கு வாரம் அவ்வாறு போயிற்று. நான்கு வாரமும் இனிப்பு, புளிப்பு, குளிர்.

பூஜை வந்தது, தேவி ஆற்றுக்குப் போனாள், பந்தல்களின் மூங்கிலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். விசர்சனத்துக்கும் இலட்சுமி பூஜைக்கும் இடையில் ஒரு வெள்ளி விழுந்தது. அண்ணாச்சிக்குத் திங்களன்று முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு கரண்டிதான்.

கடைக்காரி மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு வழிப்பு எடுத்துக் கரண்டியை என்னிடம் தந்து, தாழ்ந்த குரலில், "சக்கையெல்லாம் மூணு தடவை வடிகட்டிட்டேன். காகிமாவோட பல்லுக்குக்கூட ஒண்ணும் கிடைக்காது" என்றாள். வேறு நான்கு மாணவர்கள் இருந்தார்கள். விவரம் அறிந்தவர்கள்போலும், பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

மனைவி கண்ணை மூடி வாயில் வைத்தாள். நான் கதவுப்பக்கம் நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் நெற்றி சுருங்கியிருந்தது. முந்தானை மூக்குக்குப் போயிற்று.

"நாறுது," என்றாள்.

"நாரு," என்று கூவினாள் கடைக்காரி. "ஏக்தம் டீக், ரொம்பச் சரி, காகிமா. நாருதான். நாருவேதான்."

மாணவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி எழுந்து வந்து என் மனைவியைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். கடைக்காரி பலகையைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பினாள். எழுத்துக்கூட்டினேன்: நாரு. தேங்காய்த் துருவலை வெல்லத்தில் கிளறி, ஏலமும் துளி பச்சைக் கற்பூரமும் சேர்த்து உருட்டும் உருண்டை. இலட்சுமி பூஜைக்கு இங்கே செய்யாத வீடு இல்லை. அதைத்தான் அவள் இந்த வாரம் ஜெலாட்டோவாக ஆக்கியிருந்தாள்.

நான் மனைவியிடம் குனிந்தேன். "என்ன சொன்னே இப்ப?"

"நாறுதுன்னேன். இந்தப் பொண்ணு ஏன் இப்படிக் குதிக்குது?"

"நாருன்னு அவ காதுல விழுந்திருக்கு."

"நாருவா? இதுவா?"

"பலகையைப் பாரு."

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு கரண்டியை. "நாருல எங்கேருந்துங்க இந்த நாத்தம்? கெட்டுப்போன தேங்காயப் போட்டுட்டாளோ? செத்த எலி மாதிரி இருக்கு."

கரண்டியில் மிஞ்சியிருந்ததை வாங்கி வாயில் வைத்தேன். பாகு பதத்தில் இறக்கிய வெல்லம், இளந்தேங்காய், கற்பூரம் கடைசியில் ஒரு கோடு. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வாய் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"செத்த எலி மாதிரியா இருக்கு?"

"ஆமா."

"உனக்கு அது தெரியுதா?"

அவள் முந்தானையை மெல்ல மூக்கிலிருந்து எடுத்தாள். மாணவர்கள் இன்னும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒருவன் மூங்கில்களை வண்டியில் எறிந்துகொண்டிருந்தான். அவள் கையை நீட்டி, கடைக்காரியிடம் ஒரு முழுக் கோப்பை கேட்டாள்.

முழுக் கோப்பையையும் தின்றாள். ஒவ்வொரு கரண்டிக்கும் முகம் கோணியது. தொண்டை ஒருமுறை மறுத்தது. நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி எடுத்தாள். எட்டு மாதமாக எதுவும் வராத வழியில் ஏதோ ஒன்று வருவதை ஒவ்வொரு கரண்டியாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரி அருகில் வந்து நின்று கேட்டாள்: "பிடிச்சிருக்கா காகிமா?"

"கூப் பாலோ," என்றாள் மனைவி, மிக நன்று என்று. கண்ணில் நீர் நின்றது. கடைக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நான் தமிழில் கேட்டதற்கு, "சும்மா இருங்க" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் நடை மாறிவிட்டது. நின்று நின்று நடந்தாள். பூக்கடை முன் நின்று நாறுது என்றாள். தேநீர்க்கடை முன்னும் அப்படியே. சாக்கடைக்கும் மல்லிகைக்கும் ஒரே சொல். ஆட்டோவில் ஏறியதும் எங்களுக்கு நடுவில் இருந்த மனிதரின் தலையெண்ணெய் பற்றியும் அதையே, நல்ல வேளையாகத் தமிழில், சொன்னாள். எனக்கோ மகிழ்வதா அஞ்சுவதா என்று தெரியாத தவிப்பு. இனி வாழ்நாள் முழுவதும் மல்லிகை அவளுக்குச் சாக்கடைதானா? வந்தது வரவா, இன்னொரு வகைப் போக்கா? மறுநாள் காலை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். இது தெரிந்ததுதான், நரம்பு வழி தவறி வருகிறது, ஆனால் வருகிறது, நேராக மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுதும் நேராகாமலும் போகலாம் என்றார்.

பழைய தமிழில் நாற்றம் என்றால் மணம் என்றே பொருள். நல்லது, தீயது என்ற பாகுபாடு அச்சொல்லில் இல்லை, பூவும் நாறும். இதை நான் எத்தனையோ அச்சுப்படிகளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இளம் எழுத்தாளர்கள் எரிச்சலோடு அதை அடித்திருக்கிறார்கள். எழுதிய எனக்கே அது அன்றுவரை ஓர் அகராதிச் செய்திதான்.

மருத்துவர் சொன்ன மாதங்களுக்குக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை, திங்கட்கிழமை இருந்தது. ஞாயிறு காலை வாணலியை ஏற்றினாள். நான் எழுந்து போய் அடுப்பருகில் நின்றேன்.

"நீங்க அங்க உக்காருங்க. பேசவும் வேண்டாம்."

உட்கார்ந்தேன். அவள் ஒரு கைப்பிடி தனியாவைப் போட்டுக் கிளறினாள். முகத்தை நெருங்கக் கொண்டுபோய் முகர்ந்தாள்; ஓங்கரித்தாள்; மறுபடி முகர்ந்தாள். சற்றுப் பொறுத்துக் கொஞ்சத்தை எடுத்துத் தட்டில் கொட்டினாள். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு கடைசியாக மிஞ்சியதை.

"என்ன செய்யறே?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாம் நாறுதுதான். ஆனா ஒரே நாத்தம் இல்லீங்க. மொதல்ல ஈரச் சாக்கு மாதிரி. அப்புறம் டயர் தீஞ்ச மாதிரி. கடைசியில வர்றது வேற ஒண்ணு, அதுக்கு எனக்கும் பேர் தெரியல. பழைய வாசனை இனி வந்தா வருது. இந்த மூணுல எது வறுபட்ட நாத்தம்னு தெரிஞ்சாப் போதும். அதைப் பழகிக்குவேன்."

"எது சரின்னு நான் மோந்து பாத்துச் சொல்லட்டுமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பின் அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை. என் மேசையில் கிடந்த கழிவுத் தாளைக் கிழித்து மூன்று பொட்டலம் மடித்தாள். அடியில் ஒரு புள்ளி, இரு புள்ளி, முப்புள்ளி. டயரைத்தான் அவள் நம்பினாள் என்பது, இரண்டாம் பொட்டலத்தை அவள் மடித்த பதனத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

திங்கள் பிற்பகல் பவானிபூர். மெட்ரோவில் இடமிருந்தும் நாங்கள் உட்காரவில்லை. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்; பூஜை முடிந்ததும் சொல்லும் விசயா வாழ்த்தென்று வங்காளப் பழக்கத்தில் இனிப்பு ஒன்றைக் கையில் வைத்தார். மனைவி அதைத் தொடாமல் மூன்று பொட்டலங்களையும் கல்லாப் பலகைமேல் பிரித்துவைத்தாள். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த எங்கள் பொடி உறைகள் இரண்டும் அப்போதும் அவருக்குப் பின்னால் தனியே இருந்தன.

"அண்ணாச்சி, இதுல எந்தத் தனியாவைப் போட்டா நம்ம பொடி?"

"என்னம்மா இது, பரீச்சை மாதிரி இருக்கே," என்றார். என்றாலும் எடுத்தார். முதலாவதில் ஒரு மணியைக் கடித்துத் தள்ளிவைத்தார். இரண்டாவதைக் கடித்தார், நிதானித்தார், உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தார். நான் கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவதைக் கடித்ததும் தலையாட்டினார்.

"இது கிட்டத்துல வந்துட்டு. அது அரைகுறை," என்று இரண்டாவதை விரலால் ஒதுக்கினார்.

மனைவி மூன்றாம் பொட்டலத்தை எடுத்து முகத்தருகே பிடித்தாள். நெற்றி சுருங்கியது. வெகுநேரம் அப்படியே முகர்ந்துகொண்டு நின்றாள், மனப்பாடம் செய்கிறவளைப் போல.

"கிட்டத்துலதானா? அப்ப இன்னும் கொஞ்சம் நாறணும்," என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "என்னது, நாறணுமா?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் அவள், பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு. "தட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க. வர்ற வாரம் பொடி வரும்."